மாளிகாவத்தைச் சேவலும் மலைநாட்டு மீனும்

மாளிகாவத்தை என்றால் மாளிகைத் தோட்டம் என்று பொருள். இன்று அங்கே தோட்டத்தைத் தேடுவோர் ஏமாந்துபோவர். அடுக்குமாடி வீடுகளும் பள்ளிவாசல்களும் புகைவண்டித் தண்டவாளங்களும் நெருங்கிக் கிடக்கும் கொழும்புப் பகுதி அது. அத்தகைய இடங்களில் கோழிக்கடையின் பின்புறத்தே குவிந்த இறகுகளைக் கண்டால் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்துவிடுகிறோம். ஆயினும், ஓர் அருங்கலைக்குரிய மூலப்பொருள் இறகேயாகும்.

அக்கலையின் பயனைக் காண, அருகிலுள்ள மருதானையில் புகைவண்டி ஏறி நானுஓயாவில் இறங்கவேண்டும். ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவை அடுத்த குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் என்னும் மீன் வாழ்கிறது. இது நம் நாட்டு மீனன்று. 1880களில் ஆங்கிலேயர் கொணர்ந்து விட்ட இனம். 1896இல் இதன்பொருட்டு மீன்பிடிக் கழகம் ஒன்றும் தோன்றிற்று. நீர்மேல் வந்தமரும் பூச்சிகளை இம்மீன் பாய்ந்து விழுங்கும். ஆதலால் தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றி, ஈயைப்போல் அமைத்து அதனை ஏய்ப்பர். மாசிதோனியர் சிவப்புக் கம்பளியையும் சேவல் இறகுகள் இரண்டையும் முள்ளில் கட்டியதை, உரோம நாட்டு எழுத்தாளர் ஏலியன் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்தார்.

எல்லா இறகும் இதற்கு உதவா. சில கிழமைகளிலேயே அறுக்கப்படும் புரொய்லர் கோழியின் இறகு முதிராதது. நன்கு வளர்ந்த ஊர்ச் சேவலின் கழுத்திறகே விறைப்பும் மினுக்கமும் உடையது. நீரில் மிதக்கும் ஈக்கு அதுவே ஏற்றது. பேட்டின் மெல்லிறகு நீரை உறிஞ்சி, அமிழும் ஈக்கு உயிரோட்டம் தரும்.

ஈ நெடுநாள் உழைப்பது கட்டும் முறையைப் பொறுத்தது. முதலில் முள்ளின் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு துளி வார்னிஷ் இடவேண்டும். இன்றேல் இறகு வழுக்கிச் சுழலும். உடல் நெடுகச் சுற்றிய இறகின்மீது மெல்லிய செப்புக் கம்பியை எதிர்த்திசையில் சுற்றவேண்டும். மீனின் கூரிய பற்கள் இறகை ஓரிடத்தில் அறுத்தாலும், கம்பி எஞ்சியதை அவிழாமற் பிடித்துக்கொள்ளும். மயிற்பீலியின் இழை எளிதில் அறுமாகையால், அதனை நூலோடு முறுக்கியே சுற்றுவர். தலைப்பகுதியில் முடிச்சிட்டு மீண்டும் வார்னிஷ் பூசினால் வேலை முடிந்தது.

மேனாட்டார் பெரிதும் விரும்பிய இறகு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுச் சேவலுடையது. அதன் கழுத்தில் மெழுகு வார்த்தாற்போன்ற பொட்டுகள் மின்னும். அந்த அழகே அதற்குப் பகையாயிற்று. இப்பொழுது இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கின்றது. இலங்கைக் காட்டுக்கோழியோ நம் தேசியப் பறவை. ஓர் ஈக்காக இவற்றின் உயிரைப் போக்குவது அறமன்று.

அதற்குத் தேவையும் இல்லை. மயில் ஆண்டுதோறும் பீலியைத் தானே உதிர்க்கிறது. சேவலின் இறகு சமையலுக்குப்பின் எஞ்சுவது. இலங்கையர் கையால் கட்டிய ஈக்கள் இன்று கடல் கடந்து விற்பனையாகின்றன. அவற்றுக்கு விலை தருவது பறவையின் அருமையன்று. கட்டிய விரல்களின் பொறுமையே.