மூன்றெழுத்து

மூன்றெழுத்து என்றதும் எம்.ஜி.ஆர். ஞாபகம் வந்தால், ஸார், உங்களுக்கு வயசாகிவிட்டது! நான் சொல்ல வந்தது ஏ.பி.என். விரித்தால் ஆக்சஸ் பாயிண்ட் நேம். செல்போனுக்குள் ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒளிந்திருக்கும் கிளி.

எங்கள் தோவாளையில் விடியுமுன்னே பூ மார்க்கெட் கூடிவிடும். ஓணம் வந்தால் கேட்கவே வேண்டாம். அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் கேரளத்து வாசலெல்லாம் பூக்களம். கேந்தி, வாடாமல்லி, அரளி எல்லாம் மூட்டை மூட்டையாகப் போகும். ஆர்டர் இப்போது வாட்ஸப்பில்தான் வருகிறது.

அத்தத்துக்கு முந்தின ராத்திரி பக்கத்து வீட்டுப் பூ வியாபாரி அண்ணாச்சி கதவைத் தட்டினார். கையில், மகன் துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய போன். அன்றுதான் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றியிருந்தார். (2011 ஜனவரி முதல் நாடு முழுக்க இந்த வசதி உண்டு.)

"மக்கா, பேச்சு வருது, நெட்டு வரல்லே. ஆரல்வாய்மொழிக் காத்து சிக்னலை அடிச்சிட்டுப் போயிருமோ?"

அந்தக் காற்று முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுமே தவிர சிக்னலைத் தொடாது. கஸ்டமர் கேரில் நாலு தடவை 'அணைத்துப் போடுங்கள்' என்றார்களாம். கம்பெனி பெயர் வேண்டாம். அணைத்துப் போட்டதில் சார்ஜ்தான் தீர்ந்தது.

சங்கதி இதுதான். சிம்முக்குள் கம்பெனிக்கென ஒரு எண் உண்டு. நம் நாட்டில் அது 404 அல்லது 405-ல் ஆரம்பிக்கும். போன் அதைப் படித்து, தன்னிடமுள்ள பட்டியலில் அந்தக் கம்பெனியின் இன்டர்நெட் வாசலுக்கு என்ன பெயர் என்று தேடும். இல்லாவிட்டால் முழிக்கும். கோபுரம் தெரியும், நடை திறக்காது!

ஜியோ என்றால் ஜியோநெட். பி.எஸ்.என்.எல். என்றால் பிஎஸ்என்எல்நெட். ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம். (ஜி.பி.ஆர்.எஸ். காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்.) ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், நடுவே இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும்.

செட்டிங்ஸ், மொபைல் நெட்வொர்க், ஆக்சஸ் பாயிண்ட் நேம்ஸ் என்று உள்ளே போனேன். முதலில் 'ரீசெட்' கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். அண்ணாச்சிக்குத் தீரவில்லை. ப்ளஸ் குறியை அமுக்கினால் ப்ராக்ஸி, போர்ட், யூசர்நேம், பாஸ்வேர்டு என்று கட்டம் கட்டமாக, ரேஷன் கார்டு விண்ணப்பம் தோற்றது! பயப்பட வேண்டாம். முக்கால்வாசியைக் காலியாக விடலாம்.

பெயரை அடித்து 'சேவ்' கொடுத்தேன். பட்டியலில் வந்தது, தேர்ந்தெடுக்கும் வட்டத்தை மட்டும் காணோம். வில்லன் 'ஏ.பி.என். டைப்' என்ற கட்டம். அதில் தானாகவே 'எம்.எம்.எஸ்.' என்று விழுந்திருந்தது. படம் அனுப்பும் அந்தப் பழைய வாசலை இன்டர்நெட்டுக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. 'டீஃபால்ட்' என்று மாற்றியதும் வட்டம் வந்தது. தொட்டேன்.

கிணிங், கிணிங், கிணிங்... வரிசையாகக் குரல் மெசேஜ். கடைசியில் ஒரு மலையாளத் தமிழ்: "அண்ணாச்சி, வாடாமல்லி இருபது கிலோ கூட வேணும். பத்து மணிக்குள்ள சொல்லணும். இல்லெங்கில் மதுரையில எடுக்கும்."

மணி ஒன்பது ஐம்பது.

அண்ணாச்சி மைக் படத்தை அமுக்கிப் பிடித்து, "உண்டு சாரே, உண்டு!" என்று கத்தினார் பாருங்கள். திருவனந்தபுரத்துக்கு நெட் இல்லாமலே கேட்டிருக்கும்.