கை வேர்த்த கதை

டையான் நாஷுக்குக் கை வேர்க்கும். இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் அவரை எனக்குப் பிடித்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றி நமக்கு வந்து சேர்கிற படங்களில் யாருக்கும் பயமே இருப்பதில்லை. ரோசா பார்க்ஸ் பேருந்தில் நிதானமாக உட்கார்ந்திருப்பார். கிங் மைக் முன்னால் நிற்பார். பார்க்கப் பார்க்க ‘இவங்கல்லாம் வேற ரகம்ப்பா’ன்னு தோணும். அந்த நினைப்பில் ஒரு வசதியும் இருக்கு. அவங்க வேற ரகம்னா, நான் சும்மா இருந்துக்கலாம்.

நாஷ் சிகாகோவில் வளர்ந்தவர். 1959இல் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படிக்க நாஷ்வில் நகருக்கு வந்தபோது வயது 21. அங்கே ஒரு பொருட்காட்சியில், கறுப்பினப் பெண்களுக்கு என்று தனியாக எழுதி வைத்த கழிவறையைப் பார்க்கிறார். தெற்கில் இப்படித்தான் என்று கேள்விப்பட்டிருப்பது வேறு, எந்தக் கதவு உனக்கானது என்று ஒரு பலகை உன்னிடமே சொல்வது வேறு. ஊரின் பெரிய கடைகளில் துணி வாங்கலாம், சோப்பு வாங்கலாம். அதே கடையின் சாப்பாட்டு மேசையில் உட்கார முடியாது.

ஜேம்ஸ் லாசன் என்ற இறையியல் மாணவர் அப்போது அந்த ஊரில் பயிற்சி வகுப்புகள் நடத்திக்கொண்டிருந்தார். நாக்பூரில் ஒரு கல்லூரியில் சில வருஷம் வேலை பார்த்து, காந்தியின் வழிமுறைகளைக் கற்றுத் திரும்பியவர். வகுப்பு என்றால் உரை கேட்பது மட்டுமில்லை. ஒருவர் கடையில் உட்கார்ந்திருப்பதுபோல நடிக்க வேண்டும். மற்றவர்கள் ரவுடிகளாகி வசை பாட, முகத்தில் புகை ஊத, முடியைப் பிடித்து இழுக்க வேண்டும். திருப்பி அடிக்காமல் இருக்க ஒத்திகை! வீரத்துக்கு ஒத்திகை பார்க்கலாம்னு யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

1960 பிப்ரவரி 13 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு யாரும் அடிக்கவில்லை. பரிமாறும் பெண்கள்தான் பதற்றத்தில் தட்டுகளைக் கீழே போட்டு உடைத்துக்கொண்டே இருந்தார்களாம். அவர்களைக் கேலி செய்வதுபோல ஆகிவிடக் கூடாதென்று சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்ததாக நாஷ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து, 27ஆம் தேதி, அந்தச் சிரிப்பு இல்லை. ஒரு கும்பல் உள்ளே வந்து அடித்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு, அடி வாங்கிய பக்கத்தில் 81 பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

இதற்கு நடுவில் அவர் வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். போராட்டத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்க நெருங்க உள்ளங்கை வேர்த்து நனைந்துவிடும், உள்ளுக்குள் எல்லாம் இறுகிப்போகும். ஒருநாள் சில பையன்கள் அவரை அடையாளம் கண்டு, இவளைத்தான் கவனிக்கணும் என்று பேசிக்கொள்வது காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவு பயத்தோடு வேலை செய்ய முடியாது என்று அவருக்குப் புரிந்தது. விலகிவிடணும், இல்லைன்னா பயத்தை ஓரமா வைக்கணும். கொஞ்ச நேரத்தில் முடிவெடுத்தார். விலகவில்லை.

எனக்கும் அப்படி ஒருநாள் வந்தது. எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில், கழிவறை கழுவும் அக்காவுக்கு மட்டும் தனித் தட்டு, தனி டம்ளர். பின்பக்கப் படியில்தான் சாப்பிடுவாங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் ஆறு பேர் அவங்களை உள்ளே கூட்டிவந்து, கூடவே உட்கார்ந்து சாப்பிடறதா முடிவாச்சு. ஏழாவது ஆள் நான். காலையில் காய்ச்சல்னு சொல்லிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டேன். கை வேர்த்தது மட்டும் நிஜம்.

அதே வருஷம் ஏப்ரல் 19 விடிகாலையில், மாணவர்களுக்காக வாதாடிய கறுப்பின வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அவரும் மனைவியும் உயிர் தப்பினார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் சத்தமில்லாமல் நடந்து மேயர் பென் வெஸ்ட்டைப் பார்க்கப் போனார்கள். நிறத்தை வைத்து ஒருத்தரை ஒதுக்குவது சரியா என்று நாஷ் நேருக்கு நேர் கேட்டார். சரியில்லை என்றார் மேயர். அப்படியென்றால் கடை மேசைகளைத் திறந்துவிடலாமா? ஆமாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மே 10 முதல் அந்த மேசைகளில் கறுப்பின மக்களுக்கும் பரிமாறினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் கை எப்படி இருந்திருக்கும் என்றுதான் எனக்கு யோசனை.

போன மாசம் அந்த ஆறு பேரில் ஒருத்தனுக்கு போன் பண்ணி, அன்னைக்குக் காய்ச்சல் பொய்டான்னு சொன்னேன்.

“தெரியும்டா”ன்னான்.

அந்த அக்கா இப்பவும் அங்கேதான் இருக்காங்களான்னு கேட்டேன். அவனுக்கும் தெரியலை.