டன்னுக்கு 50 கிராம்

2011 முதல் 2014 வரை மூன்று வருடம் நான் விற்ற உப்பில், பாக்கெட்டின் மேல் அச்சடித்திருந்த அளவுக்கு அயோடின் இல்லை. தெரிந்தே குறைத்தேன். வேலையாட்கள் தவறவிடவில்லை, மெஷின் பழுதாகவில்லை. அளந்தது என் கை, குறைத்ததும் என் கை.

எங்கள் ஊர் புதுக்கோட்டை. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அங்கே தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் உப்பு பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். அளத்திலிருந்து லாரியில் கல்லுப்பு வந்து இறங்கும். கழுவி, காயவைத்து, அரைத்து, பொட்டாசியம் அயோடேட் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் புரட்டி, கிலோ பாக்கெட்டாகக் கட்டுவோம். மாதம் நாற்பது டன்.

அயோடேட்டை எங்கள் கொட்டகையில் யாரும் பேர் சொன்னதில்லை. ‘மருந்து’ என்பார்கள். ஒரு டன் உப்புக்கு 50 கிராம் மருந்து. அதில் அயோடின் மட்டும் சுமார் 30 கிராம். உப்பு தயாராகும் இடத்தில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு இருக்க வேண்டும், வாங்குகிறவர் கைக்குப் போகும்போது 15-க்குக் குறையக் கூடாது என்பது அப்போதைய சட்டம். வழியில் ஈரத்திலும் வெயிலிலும் கொஞ்சம் போய்விடும் என்று கணக்கிட்டுத்தான் முதலில் இரண்டு மடங்கு வைத்திருந்தார்கள். சட்டத்தின் அந்தக் கரிசனத்தைத்தான் நான் முதலில் திருடினேன். ‘15 போதுமென்றால் எதற்கு 30?’ என்று தொடங்கினேன்.

2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தது. உலகத்துக்கு அயோடின் பெரும்பாலும் சிலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும்தான் வருகிறது. விலை ஏறிக்கொண்டே போனது. 50 கிராம் 30 ஆயிற்று, 30 இருபது ஆயிற்று. சில நாள் வெறும் தண்ணீரைத் தெளித்துப் புரட்டச் சொன்னேன். புரட்டுகிற அக்கா ஒருநாள் கேட்டார்: “அண்ணாச்சி, இன்னைக்கு மருந்து போடலையா?” நான் சொன்னேன்: “நாளைக்குச் சேத்துப் போட்டுக்கிடுவோம்க்கா.” அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. மாதிரி எடுக்க வருகிற நாளுக்கென்று சரியாகக் கலந்த ஒரு குவியலைத் தனியாக வைத்திருந்தேன். இதையும் எழுதாமல் விட்டால் இது வாக்குமூலம் ஆகாது.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் நிறைய. வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறைக்குப் போனவர்கள் பிறந்த மண் இது, சிறு வியாபாரியை நசுக்கும் சட்டத்துக்கு நான் ஏன் பணிய வேண்டும் என்று பேசினேன். 1998-ல் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாதென்று மத்திய அரசு தடை போட்டது, 2000-ல் நீக்கியது, 2006-ல் மறுபடி போட்டது. அவர்களுக்கே உறுதியில்லாததற்கு நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்றேன். சிறு உற்பத்தியாளர்களின் கஷ்டம் உண்மைதான். ஆனால் அந்தக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று அச்சடிக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

கடலில் எடுத்த உப்பில் அயோடின் இல்லாமலா போகும் என்றும் நம்பினேன். உப்புக்காரர்களில் பலர் இன்றும் நம்புகிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம், உப்பு 30 கிராமுக்குப் பக்கம். அத்தனையும் உப்போடு தங்கினாலும் பத்து லட்சத்துக்கு 2 பங்குதான் வரும். அதுவும் தங்காது; உப்பு மணி பிடிக்கையில் அயோடின் கூடச் சேராமல், பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு நின்றுவிடும். இதை நான் எப்போதோ படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எங்கள் ஊரில் கழுத்தில் கழலையோடு யாரையும் நான் பார்த்ததில்லை. மீன் தின்கிற ஊர். கழலை மலைநாட்டுக்காரர்களின் நோய் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

2014-ல் என் மகள் உண்டானாள். பத்தாவது வாரத்தில் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்தது. டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் வரைந்து விளக்கினார். குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி, தைராய்டு. எடை இருபது கிராம் சொச்சம். ரத்தத்தில் வரும் அயோடினைப் பிடித்து வைத்து அது ஹார்மோன் செய்கிறது. டி4 என்றால் நாலு அயோடின் அணு, டி3 என்றால் மூன்று. உடம்பின் சூடு, இதயத்தின் ஓட்டம், மூளையின் வளர்ச்சி எல்லாம் அதை நம்பித்தான். மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று இன்னொரு சுரப்பி. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது டி.எஸ்.எச். அனுப்பி ‘இன்னும் சுர, இன்னும் சுர’ என்று விரட்டும். அயோடினே வராமல் விரட்டு மட்டும் வந்துகொண்டிருந்தால் சுரப்பி வீங்கும். அதுதான் கழலை.

“குழந்தையோட தைராய்டு மூணாம் மாசத்துக்கு அப்புறம்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். அதுவரை அம்மா சுரக்கிறதை வச்சுத்தான் அதோட மூளை வளரணும்” என்று சொல்லிவிட்டு, “வீட்ல என்ன உப்பு போடுறீங்க?” என்று கேட்டார்.

என் மனைவி பெருமையோடு சொன்னாள்: “அயோடின் உப்புதான் டாக்டர். இவுகளே பாக்கெட் போடுதாக.”

“அப்போ அதுல குறை இருக்காது” என்று டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பெற்ற மகள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், அவள் வயிற்றில் என் பேரப்பிள்ளை. வைத்தியம் பார்க்கிறவர் கேட்டு, பொய்யான பதில் போனபோது அதைத் திருத்தாமல் உட்கார்ந்திருந்தேன். உப்பில் குறைத்ததைவிட இதை நினைத்துத்தான் அதிகம் குமைகிறேன்.

இன்னொரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். உடம்பே தன் தைராய்டைப் பகையாக நினைத்துத் தாக்குகிற வகை, அயோடினால் வந்ததில்லை என்று அதில் தெரிந்தது. தினம் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியபோது எனக்கு வந்தது நிம்மதி. நான் காரணமில்லை! ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வாங்கிக் குடித்தேன். இளநீர்க் குடுக்கையைக் கீழே வைப்பதற்குள் அந்த நிம்மதி எவ்வளவு அசிங்கமானது என்று உறைத்துவிட்டது. என் மகளுக்கு நான் காரணமில்லை என்று ஒரு காகிதம் சொல்கிறது. என் பாக்கெட்டை வாங்கிக் குழம்பு வைத்த மற்றப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அப்படி எழுதித் தர எந்தக் காகிதமும் இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. வராவிட்டால் பசிக்காது, வலிக்காது. குறைகிறது என்று கேட்கச் சுரப்பிக்கு வாயில்லை; அதனால்தான் அதில் கைவைக்க எனக்குத் துணிச்சல் வந்தது.

அடுத்த வாரத்திலிருந்து 50 கிராமும் போட்டேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. 2018-ல் கொட்டகையைக் கைமாற்றிவிட்டேன். நாடு முழுக்க எடுத்த 2018-19 அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பு இருந்த வீடுகள் இந்தியாவில் நூற்றுக்கு 76. தமிழ்நாட்டில் 62 கூட முழுதாக இல்லை, மாநிலங்களில் கடைசி. அதைப் படித்த அன்று இரவு பழைய பில்களை எடுத்துக் கூட்டினேன். அந்த மூன்று வருடத்தில் விற்ற உப்பு 1,440 டன். போட்டிருக்க வேண்டிய மருந்து 72 கிலோ. நான் வாங்கியது 31 கிலோ. எல்லா நாளையும் சமமாக நிரவினாலும் பத்து லட்சத்துக்கு 13 பங்கு தேறாது. பதினான்கு லட்சத்து நாற்பதாயிரம் பாக்கெட்.

அதன்பிறகுதான் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் 1950களில் இமயமலைப் பகுதியான காங்ரா பள்ளத்தாக்கில் செய்த வேலையைப் பற்றிப் படித்தேன். அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்த பகுதிகளில் சில வருடங்களில் கழலை சரசரவென்று குறைந்தது. 1962-ல் கழலையைத் தடுக்கும் தேசியத் திட்டம் வந்ததே அந்த ஆய்வுக்குப் பின்னால்தான். மலைகளில் கழலை ஏன் அதிகம் என்றால், மழை மண்ணிலிருக்கும் அயோடினை அரித்துக் கீழே கொண்டுபோய்விடும். அங்கே விளைவதிலும் இருக்காது, குடிப்பதிலும் இருக்காது.

போன வருடம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவியும் பக்கத்தில் இருந்தாள். மகள் திட்டவில்லை, அழவில்லை. வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்த உப்பெல்லாம் எந்த ஊருக்குப்பா போச்சு?”

லாரி போன வழி எனக்கு மனப்பாடம். தேனி, போடி, கம்பம். மீதி, குமுளிக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்கு.