மலையைக் குடைந்து வந்த வெள்ளம்

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று தேனியை நோக்கி வரும் வழியெல்லாம் வயலுக்குப் பாய்வது பெரும்பாலும் மலைக்கு மேற்கே பெய்த மழை. அரபிக்கடலுக்குப் போன பெரியாற்று வெள்ளத்தை மறித்துக் கிழக்கே திருப்பும் யோசனை இராமநாதபுரம் சமஸ்தானத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகே அதற்கு வேகம் வந்தது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, 1887-இல் முல்லைப்பெரியாறு அணை வேலை, 1895-இல் தண்ணீர். கட்டும்போதே ஆறு பலமுறை வேலையை அடித்துக்கொண்டு போனது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக ஆயக்கட்டு இன்று இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. தைப்பொங்கலன்று இங்குள்ளவர்கள் அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்கும் பொங்கல் வைப்பதில் வியப்பில்லை.

ஆனாலும் நூறாண்டு கடந்தும் நாம் அணையின் உயரத்தை வைத்தே வாதாடுகிறோம். சுரங்கத்தின் ஆழத்தைப் பேசுவதில்லை. தண்ணீர் கிழக்கே வரும் சுரங்கவாய் சுமார் 104 அடியில் இருக்கிறது. அதற்குக் கீழே நிற்பது நமக்கு எட்டாது. 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டபோது பயன்பட்டது 32 அடித் தண்ணீர்தான். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 142 அடி என்றாலும் 38 அடிதான். தமிழ்நாடு ஒவ்வோர் அடிக்கும் போராடியதன் காரணம் இதில் இருக்கிறது. 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் அமைக்கலாம் என்று நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையிலான குழு உச்ச நீதிமன்றத்திடம் சொன்னது. அது வந்தால் மழைக்கு முன்பே அணையின் நீர்மட்டத்தை நன்றாக இறக்கி, வெள்ளத்துக்கு இடம் வைக்க முடியும். அணைக்குக் கீழே உள்ள வண்டிப்பெரியாறு மக்களின் அச்சமும் குறையும். அணை பாதுகாப்பானது என்று நீதிமன்றம் ஏற்றிருக்கிறது, நானும் ஏற்கிறேன். அதற்காக, 2018-இல் கேரளம் கண்ட வெள்ளத்துக்குப் பிறகு அணைக்குக் கீழே வாழ்பவர்களின் பயத்தை அரசியல் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

தாழ்ந்த சுரங்கத்தை ஒப்புக்கொண்டால் நீர்மட்டத்தை 152 அடி வரை உயர்த்தும் உரிமை கைநழுவும் என்ற எதிர்வாதம் உண்டு. குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு வரியும் மாறாமல் இதைச் செய்யலாம் என்பதே என் எண்ணம். உழவருக்கு வேண்டியது மடையில் ஓடும் நீர். அது கூடும்போது உரிமை வலுக்கத்தான் செய்யும். கேரளத்தின் இசைவு கிடைக்குமா என்பது கடினமான கேள்வி. ஆனால் கேரளம் கேட்கும் புதிய அணைக்குத் தமிழ்நாட்டின் இசைவு வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இது எளிது. இதைவிட வலுவான தடை நம் பக்கத்தில் இருக்கிறது. கூடுதலாக எடுக்கும் நீரை எங்கே வைப்பது? 1959-இல் திறந்த வைகை அணையின் முழு மட்டம் 71 அடி; அதிலும் வண்டல் ஏறிக்கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் அது தானே நிரம்பும் ஆண்டுகளில் சுரங்கம் எவ்வளவு தாழ்ந்தாலும் பயன் குறைவு. ஆகவே வைகையைத் தூர்வாரும் வேலையும், 18-ஆம் கால்வாய் வழியே உத்தமபாளையம், போடி வட்டாரக் கண்மாய்களை நிரப்பும் வேலையும் சுரங்கத்துக்குக் காத்திராமல் இப்போதே நடக்க வேண்டும். இவற்றுக்குப் பக்கத்து மாநிலத்தின் கையெழுத்து தேவையில்லை.