பேரேட்டில் ஒரு விமானம்

தோலுக்கு மையால் எண் போட்டால் நிற்காது. சுண்ணாம்புத் தொட்டி, டிரம், சாயம் என்று அத்தனை தண்ணீரையும் தாண்டி வரவேண்டும். அதனால் வால் பக்கத்து ஓரத்தில், ஊசி வைத்த சுத்தியலால் லாட் எண்ணைப் பொட்டுப் பொட்டாகக் குத்திவிடுவோம். கடைசியில் பளபளவென்று வரும் தோலிலும் அந்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்து எந்த மண்டியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆம்பூரில் தோலைத் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் மேஜையிலேயே பாதி ஆயுசு போனவன் நான். தோலை விரித்துப் போட்டால் மாட்டின் ஜாதகம் தெரியும். உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பிக் கீறல், சூட்டுக்கோல் தழும்பு, கழுத்தில் நுகத்தடி அழுத்திய காய்ப்பு. உயிரோடு இருந்தபோது பட்டதெல்லாம் அதிலேயே இருக்கும், தனியாகக் காகிதம் வேண்டாம்.

இந்தத் திமிரோடுதான் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு பெங்களூரு எச்.ஏ.எல். விமான அருங்காட்சியகத்துக்குப் போனேன். பையனுக்கு விமானப் பைத்தியம். வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரம் ஓடுதளத்தில் கொஞ்ச காலம் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் பயிற்சி விமானங்கள் சுற்றியபோது, சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு அண்ணாந்து நின்றவன். அருங்காட்சியகத்தில் ஜெட் விமானங்களைச் சுற்றிக் கூட்டம். அவனோ ஓரமாக நின்ற ஒரு சின்ன விமானத்திடம் போய் நின்றுவிட்டான். எச்.டி.-2. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, மூக்கில் ஒரு காற்றாடி.

“சித்தப்பா, இது எங்கெல்லாம் போயிருக்கும்?”

அந்த ரக விமானத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் சுலபம். நாடு விடுதலையான புதிதில் டாக்டர் வி. எம். காட்கே தலைமையில் இங்கேயே வடிவமைத்தது. 1951 ஆகஸ்டில் முதல் பறப்பு, ஓட்டியவர் ஜாம்ஷெட் முன்ஷி. உடம்பு முழுக்க உலோகம், பிறகு வந்தவற்றில் 155 குதிரைத் திறன் சிர்ரஸ் மேஜர் எஞ்சின். நூற்றறுபதுக்கும் மேல் கட்டினார்கள். கானா நாட்டு விமானப்படை பன்னிரண்டை வாங்கிக்கொண்டது. எச்.டி.-2 வருவதற்கு முன்னால் நம் பையன்கள் பறக்கப் பழகியது டைகர் மாத்தில்: மரச்சட்ட இறக்கை, மேலே லினன் துணி, அதன்மேல் டோப் என்ற பூச்சு. பூச்சு காயக் காயத் துணி சுருங்கி, தவில் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்தத் துணி விமானத்தின் இடத்துக்கு வந்த தகர விமானம்தான் எச்.டி.-2.

ஆனால் பையன் கேட்டது ரகத்தை அல்ல. எதிரில் நிற்கும் இந்த ஒன்றை. நான் மேஜைக்காரன் புத்தியோடு இறக்கைக்கு அடியில் குனிந்தேன். ரிவெட் வரிசை நேராகப் போய் ஓரிடத்தில் சதுரமாக வளைந்து திரும்பினால் அது ஒட்டு. தோலில் ஒட்டோ ஓட்டையோ இருந்தால் மூன்றாம் தரத்துக்குத் தள்ளுவோம். இங்கே அதுதான் கதை. என்றோ யாரோ எதிலோ இடித்திருக்கிறார்கள். யார், எங்கே, எப்போது? தகரம் வாய் திறக்கவில்லை. மேலே புதுப் பெயின்ட் வேறு.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். விமானத்துக்குப் பிறப்பு எண் ஒன்று உண்டு, கட்டியவர்கள் சின்னத் தகட்டில் பொறித்து ஆணியடித்து வைப்பது. படையில் சேர்ந்ததும் இன்னோர் எண். கிளப்புக்கு விற்றால் வி.டி. என்று தொடங்கும் சிவிலியன் எண். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். இது போதாதென்று உடம்புக்கு ஒரு லாக் புக், எஞ்சினுக்குத் தனி லாக் புக். எஞ்சினைக் கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்பினால் அது திரும்பி வந்து வேறொரு விமானத்தில் ஏறும். இறக்கையும் மாறலாம், சக்கரமும் மாறலாம். நம் விமானப்படை இங்கிலாந்தில் புதுப்பித்து, 2012 விமானப்படை நாளில் ஹிண்டனில் பறக்கவிட்ட எச்.யு.-512 டைகர் மாத்தில் துணி புதிது, ஆனாலும் அதற்கு அடையாளம் அந்த எண்தான். மாட்டுத்தோலில் இந்த வேலை நடக்காது. விமானத்தில் காகிதம்தான் ஆள்.

பிரிட்டிஷ் விமானப்படை ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை வைத்திருந்தது. படிவம் 78. எந்தத் தேதியில் எந்த யூனிட்டுக்குப் போனது, எப்போது மராமத்துக்கு வந்தது, எல்லாம் ஒற்றை வரிகளில். முதல் உலகப் போரில் தங்கள் சிப்பாய்களின் பூட்ஸுக்கு நம் பக்கத்து ஆவாரம்பட்டைத் தோலை மூட்டை மூட்டையாக எடுத்துக்கொண்டு போனார்களே, அதே வெள்ளைக்காரர்கள்தான். கணக்கில் மட்டும் ஆசாமிகள் கெட்டி.

அட்டை கிடைக்காத இடத்தில் இன்னொரு வழி இருப்பதைக் காட்டியவர், தாம்பரத்தில் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சியாளர்களுக்கே பயிற்சி தரும் விமானப்படைப் பள்ளி 1954-இல் அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அங்கே வேலை பார்த்தவர் கடைசியில் வேலூரில் மகள் வீட்டோடு தங்கிவிட்டார். தெரிந்தவர் மூலம் பையனோடு போய்ப் பார்த்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து நீளவாக்கில் ஒரு புத்தகம் எடுத்தார். பைலட்டின் சொந்த லாக் புக்.

திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசல் மண்டிப் பேரேடு. தேதி, விமான ரகம், விமான எண், உடன் போனவர், என்ன பயிற்சி, எத்தனை நிமிடம். பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை, அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகை. மாதக் கடைசியில் மேலதிகாரி கையெழுத்து.

“விமானத்தோட புக் தொலைஞ்சாலும் பரவாயில்ல. அதுல பறந்த அத்தனை பேரோட புக்லயும் அது இருக்கு” என்றார்.

வரவுக்கு ஒரு பற்று இருந்தே தீரும் என்று எங்கள் கணக்குப்பிள்ளை சொல்வது ஞாபகம் வந்தது. ஒரு கடையின் ஏடு எரிந்துபோனால், அவனோடு வியாபாரம் செய்த பத்துக் கடையின் ஏட்டைப் புரட்டி அவன் கணக்கை எழுதிவிடலாம்.

ஒரு பக்கத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. காலையில் 40 நிமிடம், மறுநாள் 45, அதற்கு அடுத்த நாள் இரண்டு தடவை. பிறகு காணோம்.

“இது என்ன ஆச்சு சார்?”

கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “லேண்டிங்ல பையன் ஒருத்தன் பொத்துனு போட்டுட்டான். வீல் மடங்கிடுச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆகல.” கொஞ்சம் யோசித்து, “நல்லா சொன்ன பேச்சு கேக்கும் அந்த விமானம்” என்றார்.

பெங்களூரில் குறித்து வந்த எண்ணைப் பையன் நீட்டினான். கிழவருக்குச் சுவாரசியம் பிடித்துவிட்டது. மூன்று புத்தகங்கள், ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துக்கொண்டு. மகள் கொண்டுவந்து வைத்த காபியில் ஆடை படிந்துவிட்டது. கடைசிப் பக்கம் வரை போய், விரலைத் தூக்கினார்.

“நான் இதுல பறக்கல தம்பி. வேற யார் பெட்டிலயாவது இருக்கும்.”

பையன் அந்த எண்ணுக்கு நேரே ஒரு டிக் போட்டுக்கொண்டு, அடுத்த விலாசம் கேட்டான்.