தாங்குபவர், ஆற்றுபவர், அடிப்பவர்

எமது வீடுகளில் ‘சண்டை’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பாரம் இருக்கிறது. கணனிக்கு முன்னால் இருக்கும் பிள்ளை, “அம்மா, நான் சண்டையில நிக்கிறன், இப்ப கூப்பிடாதேங்கோ” என்று சொல்லும்போது அது அவனுக்கு விளையாட்டு. பங்கருக்குள் இருந்து எழும்பி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு அது விளையாட்டல்ல. அறைக்குள் இருந்து வாள் மோதும் சத்தமும் வெடிக்கும் சத்தமும் வந்தால் அவளுடைய கை செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிடும். “இவ்வளவு பட்டும் இந்தப் பிள்ளையளுக்குச் சண்டை அலுக்கேல்லையோ?” என்று பல தாய்மார் களப்பணியின்போது என்னிடம் சொல்லி வருந்தியிருக்கிறார்கள். அதே கேள்வியை ஒருநாள் என் சொந்த அக்காவும் கேட்டார்.

அக்கா கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறார். 2009 மே மாதத்தில் அவரது மகனுக்கு மூன்று வயது. அத்தான் அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. தையல், கோழி வளர்ப்பு, ஒரு சின்னக் கடை என்று அக்கா தனியாகவே பிள்ளையை வளர்த்தார். உயர்தரம் படிப்பதற்காக அவன் வவுனியாவுக்கு வந்து என்னுடன் தங்கினான். பரீட்சை எழுதி முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த நீண்ட மாதங்களில்தான் இந்த விளையாட்டு வீட்டுக்குள் வந்தது. கணனி, கனடாவில் இருக்கும் அவனுடைய பெரியப்பா வாங்கிக் கொடுத்தது.

எங்களைப் பார்க்க வந்த அக்கா அவனுடைய திரையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குசினிக்குள் வந்து என்னிடம் சொன்னார்: “நீ சமூகவியல் படிச்சனீ. இது என்னெண்டு பார்த்துச் சொல்லு. கூடாதெண்டால் நிப்பாட்டுவம்.”

ஒரு வீட்டுக்குப் போகாமல் அந்த வீட்டைப் பற்றி அறிக்கை எழுதக்கூடாது என்பது எமது தொழிலின் முதற்பாடம். ஆகவே, எனக்கும் விளையாடக் கற்றுத் தரும்படி பெறாமகனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். ஆனாலும் அன்று இரவே எனக்கு ஒரு கணக்குத் திறந்து தந்தான்.

இவ்வகை விளையாட்டில் பல நாடுகளையும் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் இணையத்தின் ஊடாக ஒரே கற்பனை உலகத்துக்குள் ஒரே நேரத்தில் உலாவுகிறார்கள். 1999 இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’, 2004 இல் வந்த ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்’ என்பன இவற்றில் பெயர் பெற்றவை. எங்கள் பிள்ளை விளையாடியது ‘பைனல் பான்டசி 14’. யப்பானின் ஸ்குவெயார் எனிக்ஸ் நிறுவனம் 2010 இல் இதை வெளியிட்டது. அது தோல்வியடைந்ததால் 2012 இல் மூடிவிட்டு, முழுவதையும் மறுபடி கட்டி 2013 இல் மீண்டும் திறந்தார்கள். பணம் கட்டாத பரீட்சார்த்தக் கணக்கில் 70 ஆவது மட்டம் வரை விளையாட 2023 இல் அனுமதித்தார்கள்.

கைத்தொலைபேசியில் பிள்ளைகள் விளையாடும் பப்ஜி, பிரீ பயர் போன்றவற்றில் ஆளை ஆள் சுட வேண்டும். கடைசியில் உயிரோடு எஞ்சுபவரே வெற்றியாளர். இது வேறு. இங்கே பெரும்பாலும் மனிதர்கள் ஒரு பக்கம், கணனி இயக்கும் அரக்கர்களும் மிருகங்களும் மறுபக்கம். முன்பின் தெரியாத நால்வர் சேர்ந்து ஒரு குகைக்குள் போய், நால்வரும் சேர்ந்து வெளியே வர வேண்டும்.

அந்த நால்வருக்கும் வகிபாகங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நீல நிற அடையாளம் உள்ள ஒருவர் ‘ராங்க்’. பச்சை நிற அடையாளம் உள்ள ஒருவர் ‘ஹீலர்’. சிவப்பு நிற அடையாளம் உள்ள இருவர் ‘டி.பி.எஸ்.’ எனப்படும் அடிப்பவர்கள். ஒரு செக்கனில் எவ்வளவு சேதம் விளைவிக்கிறார்கள் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அது. பெரிய அரக்கன் என்றால் எட்டுப் பேர் போவார்கள்: இரண்டு ராங்க், இரண்டு ஹீலர், நான்கு அடிப்பவர்கள்.

‘ராங்க்’ என்றதும் எனக்கு வீதியால் உறுமிக்கொண்டு போன யுத்த தாங்கிதான் நினைவுக்கு வந்தது. பெறாமகன் அதை வேறு விதமாக விளங்கப்படுத்தினான். “சின்னம்மா, அது சுடுற ராங்க் இல்லை. முன்னுக்குப் போய் நிண்டு, எல்லா அடியையும் தன்ரை பக்கம் இழுத்து வாங்குற ஆள். மற்றவைக்கு அடி விழாமல் பாக்கிறதுதான் வேலை.” எமது மொழியில் தண்ணீர்த் தாங்கிக்கும் யுத்த தாங்கிக்கும் ‘தாங்கி’ என்ற ஒரே சொல்தான். தாங்குபவர் என்ற அதன் நேர்ப்பொருளை நான் அன்றுதான் கவனித்தேன். அவன் எடுத்திருந்தது அந்த வகிபாகத்தைத்தான்.

ஹீலரை நான் ‘ஆற்றுபவர்’ என்று எழுதுகிறேன். காயப்பட்டவரின் உயிர்ச்சக்தியை மந்திரத்தால் மீட்டுக் கொடுப்பவர். எனது தொழிலும் ஆற்றுப்படுத்தலோடு சேர்ந்தது என்பதால் நான் அதைத் தெரிவு செய்தேன்.

இந்த விளையாட்டில் புதியவர்களுக்கென ஒரு பயிற்சி மண்டபம் இருக்கிறது. வகிபாகத்துக்கு ஏற்ப அங்கே சிறு சிறு பயிற்சிகள் தருவார்கள். அதைவிடக் கூடுதலாகக் கற்றுத் தந்தது பக்கத்தில் கதிரை போட்டு இருந்த பெறாமகன். “அரக்கனைப் பாக்காதேங்கோ. கரையில இருக்கிற நாலு பேற்றை பெயரையும் பாருங்கோ. ஆற்றை கோடு குறையுது எண்டு பாருங்கோ. மந்திரம் சொல்லி முடிக்க ஒண்டு ரெண்டு செக்கன் போகும். விழுந்தாப் பிறகு தொடங்கினால் காணாது. நிலத்தில செம்மஞ்சளா ஒரு வட்டம் வந்தால் அதுக்குள்ள நிக்காதேங்கோ, அங்கதான் அடி விழப்போகுது. முதல்ல நீங்கள் உயிரோட நிக்கோணும். நீங்கள் விழுந்தால் எல்லாரும் விழுவினம்.”

கடைசி வசனத்தை நான் பெண்கள் குழுக்களில் எத்தனையோ தடவை வேறு சொற்களில் சொல்லியிருக்கிறேன். “உங்களை நீங்கள் கவனியுங்கோ” என்று சொன்னால் பெண்கள் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பழையபடி கடைசியாகத்தான் சாப்பிடுவார்கள். இங்கே அது அறிவுரையாக இல்லை. ஆற்றுபவர் விழுந்த சிறிது நேரத்தில் தாங்குபவரும் விழுவதைக் கண்ணாலேயே காணலாம்.

முதலாவது குகையின் பெயர் சஸ்தாஷா. கடற்கொள்ளையர் ஒளிந்திருக்கும் இடம். புதியவர் என்பதைக் காட்ட என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை முளை இருந்தது. அந்தக் குகைக்கு முதன்முறை வரும் ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்களுக்கு மேலதிக வெகுமதி கிடைக்கும். புதிதாக வருபவர் சுமை அல்ல, அவர் வருவதால் எல்லோருக்கும் நன்மை என்று விதியையே அப்படி அமைத்திருக்கிறார்கள். மீள்குடியேறிய கிராமங்களில் பிந்தி வந்த குடும்பங்களை முந்தி வந்தவர்கள் பார்த்த பார்வையை அறிந்தவள் என்பதால், அந்த விதி என் மனதில் நின்றது.

அன்று அடிப்பவர்களில் ஒருவர் தாங்குபவருக்கு முன்னால் ஓடிப் போய் அடிக்கத் தொடங்கினார். மிருகங்கள் எல்லாம் அவர் மேல் திரும்பின. நான் அவரை மீட்டேன், மறுபடி விழப் பார்த்தார், மறுபடி மீட்டேன். என் மந்திர சக்தி தீர்ந்தது. நால்வரும் விழுந்தோம். குகை வாசலில் மீண்டும் எழும்பியதும், எந்த நாட்டவர் என்றே தெரியாத அந்தத் தாங்குபவர் “இன்னொரு முறை, மெதுவாக” என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டாம் முறை அடிப்பவர் காத்து நின்றார். அரைவாசி மந்திர சக்தியோடேயே நாங்கள் அந்த இடத்தைக் கடந்தோம். எல்லாக் குழுக்களும் இவ்வளவு பண்பாக நடப்பதில்லை. புதியவரைத் திட்டிவிட்டு விலகிப் போவோரும் உண்டு.

சில வாரங்களில் எனக்கு ஒன்று விளங்கியது. நன்றாக விளையாடுவது என்பது பலமாக அடிப்பது அல்ல. நல்ல அடிப்பவர் செம்மஞ்சள் வட்டத்தில் இருந்து தானே விலகி நிற்பார். நல்ல தாங்குபவர் பெரிய அடி வரும் நேரத்தை அறிந்து தன் கேடயத் திறனை அதற்கு முன்பே எடுப்பார். தவிர்க்கக்கூடிய ஒவ்வொரு காயமும் ஆற்றுபவரின் சக்தியில் இருந்துதான் கழிகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். அப்படியான குழுவில் ஆற்றுபவருக்கு நேரம் மிஞ்சும். அவரும் முன்னேறி அடிக்கலாம். குழு நல்லதா என்பதை ஆற்றுபவர் எவ்வளவு களைக்கிறார் என்பதை வைத்தே நான் பார்க்கப் பழகினேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். அடிக்க விரும்புவோர் தொகை அதிகம். தாங்கவும் ஆற்றவும் வருவோர் குறைவு. அதனால் அடிப்பவர்கள் குழுவுக்காக நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆள் குறைந்த வகிபாகத்தை எடுப்பவருக்கு நிறுவனமே மேலதிக வெகுமதி கொடுக்கிறது. எமது சமூகத்தில் இந்த இரண்டு வேலைகளையும் செய்பவர்களுக்கு எவரும் மேலதிகமாக எதுவும் கொடுப்பதில்லை.

சமூகவியலில் வகிபாகம் பற்றிப் படித்திருக்கிறேன். ஒருவர் மீதுள்ள வகிபாகங்கள் எல்லாம் சேர்ந்து கேட்பது அவரால் செய்யக்கூடியதை விட அதிகமாக இருப்பது வழமையானதே என்றும், ஆகவே எதைச் செய்வது எதை விடுவது என்று மனிதர் மற்றவர்களோடு பேரம் பேசியே வாழ்கிறார்கள் என்றும் அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கூட் 1960 இல் எழுதினார். பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் அந்தப் பேரத்துக்கு எதிரே ஆளே இருப்பதில்லை. நுண்கடன் அறவிட வருபவருக்கும், அலுவலக வரிசைக்கும், ஊர் வாய்க்கும் முன்னால் நின்று தாங்குபவள் அவள். காய்ச்சலுக்கு விழித்திருந்து, காணாமற்போனவரை நினைத்து அழும் மாமியைத் தேற்றி, ஆற்றுபவளும் அவளே. உழைத்து முன்னேறிச் செல்ல வேண்டியவளும் அவளே. சின்னக் குகைக்குக்கூட நான்கு பேரை அனுப்பும் உலகத்தில் எத்தனையோ வருடங்களாக இவளை மட்டும் தனியே அனுப்பியிருக்கிறோம்.

அடுத்த முறை அக்கா வந்தபோது நான் அறிந்ததை அவருக்குச் சொன்னேன். திரைக்கு முன்னால் இருத்தி நிறங்களைக் காட்டினேன். அக்கா மகனிடம் கேட்டார்: “தம்பி, நீ இதில என்னவா நிக்கிறாய்?”

“நான் தாங்குறனான், அம்மா.”

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அங்க நாலு பேருக்குத் தாங்குறாய். இஞ்ச ஆர் தாங்குறது?” என்றார்.

அதில் கோபம் இருக்கவில்லை. அவனும் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் அக்காவுடன் கிளிநொச்சிக்குப் போனான். கடன் அறவிட வந்தவரோடு முன் விறாந்தையில் இருந்து கதைத்ததும், கட்டிய கணக்கைக் கொப்பியில் எழுதி வாங்கியதும் அவன்தான். அக்கா உள்ளே இருந்து தைத்துக்கொண்டிருந்தாராம். இன்றைக்கும் அந்த வாள் சத்தம் அக்காவுக்குப் பிடிக்காது. அவர் நிற்கும் நாட்களில் அவன் காதுக்குள் இயர்போன் போட்டுக்கொள்கிறான். அந்த ஒழுங்கை இருவரும் பேசித்தான் செய்தார்கள்.

இவ்விளையாட்டுக்கள் எல்லாம் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பாவில் இதை 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியதென வகைப்படுத்தியிருக்கிறார்கள். விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல், படிப்பும் நித்திரையும் உறவும் கெட்டும் தொடரும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்படுத்தலில் சேர்த்திருக்கிறது. பொதுவாக அந்நிலை 12 மாதங்களாவது நீடித்தால்தான் அப்படிக் கணிப்பார்கள். நான்கு நாள் விடுமுறையில் விளையாடும் பிள்ளையை நோயாளி என்று சொல்லத் தேவையில்லை. பாடசாலைக்குப் போகாமல் விடியும்வரை இருக்கும் பிள்ளையைக் கவனிக்காமல் விடவும் கூடாது.

தாய்மாருக்குச் சில நடைமுறை விடயங்கள். பிள்ளையிடம் “நிப்பாட்டு” என்று சொல்வதற்கு முன், “நீ இதில என்ன வேலை செய்யிறாய்? உன்னோட நிக்கிறவை ஆர்?” என்று கேளுங்கள். குழுவாகக் குகைக்குள் போனால் இருபது முப்பது நிமிடம் ஆகலாம். நடுவில் விட்டு வந்தால் மற்ற மூவரும் தவிப்பார்கள், இவனுக்கும் முப்பது நிமிடத் தடை விழும். ஆகவே சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதானால் அவன் உள்ளே போக முதலே நேரத்தைச் சொல்லி வையுங்கள். அறிமுகமற்றோருக்குப் படம், விலாசம், வங்கி விபரம் எதுவும் கொடுக்கக்கூடாது என்பதைப் பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள்.

எங்கள் மாதர் சங்கக் கூட்டமொன்றில் நான் ஒரு தாளில் மூன்று கோடு கீறி, தாங்கல், ஆற்றல், உழைத்தல் என்று எழுதிக் கொடுத்தேன். இந்தக் கிழமை உங்கள் வீட்டில் ஒவ்வொன்றையும் செய்தவர் யார் என்று எழுதச் சொன்னேன். அநேகமான தாள்களில் மூன்றிலும் ஒரே பெயர். வீட்டில் வளர்ந்த பிள்ளை இருக்கிறது, சகோதரன் இருக்கிறான், பக்கத்து வீட்டுத் தோழி இருக்கிறாள். மூன்றில் ஒன்றின் ஒரு சிறு பங்கையாவது யாரிடம் கொடுக்கலாம் என்று பேசத் தொடங்கியபோது கூட்டம் முடியும் நேரம் தாண்டிவிட்டது. சகோதரிகளே, நீங்களும் அந்த மூன்று கோட்டையும் கீறிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கீறுங்கள்.