செயினில் படிந்த கறுப்பு

பழைய ரோடு பைக் ஒன்று விலைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள். என் கை செயினுக்குத்தான் போகும். அதில் ஒட்டியிருக்கும் கறுப்பின்மேல் எனக்குத் தீராத ஆர்வம்.

செயினைக் கழற்றி மூடி போட்ட டப்பாவில் வைத்து, முழுகும்வரை மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் குலுக்குங்கள். செயினை எடுத்துவிட்டு டப்பாவை ஓர் இரவு ஆடாமல் வைத்தால், காலையில் மேலே எண்ணெய் தெளிந்திருக்கும், அடியில் கறுப்பு வண்டல் தங்கியிருக்கும். ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி அந்த வண்டலுக்குள் விட்டால், துகள்கள் மீசைபோலச் சிலிர்த்து ஒட்டிக்கொள்ளும். ரோட்டுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து மூட்டுகளுக்குள் புகுந்து அராவி எடுத்த இரும்பு அது. கறுத்துப்போன செயினைத் துடைக்காமல் அதன் தலையில் மேலும் எண்ணெய் விட்டால் அரவை இன்னும் மும்முரமாகும். செயின் இழுத்துக்கொண்டது என்று கடையில் சொல்வார்கள். தகடுகள் இழுபடுவதில்லை. நூற்றுச் சொச்சம் மூட்டுகள், ஒவ்வொன்றிலும் பின் ஒரு மயிரிழை தேய்கிறது. எல்லாம் கூடி நீளம் கூடிவிடுகிறது. நீண்ட செயின் பிறகு பல்சக்கரத்தின் பற்களைத் தின்னத் தொடங்கும்.

இந்தச் செயினுக்கு ஒரு பழைய கதை உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்ட், இங்கிலாந்துக்குப் போய், பஞ்சாலை எந்திரங்களுக்குச் செயின் செய்துகொண்டிருந்த ஒரு சிறு பட்டறையை 1879இல் வாங்கினார். மறு ஆண்டே உருளை வைத்த செயினுக்குக் காப்புரிமை பெற்றார். 1885இல் பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் ரோவர் சைக்கிள் வந்தது. இருபது ஆண்டுகூட ஆகவில்லை, செயின் ஆகாயத்துக்கும் ஏறிவிட்டது. டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று பறக்கவிட்ட விமானத்தில், எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் சுழற்சியைக் கொண்டுபோனது செயின்தான். விசிறிகள் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு செயினை எட்டு வடிவத்தில் குறுக்காக மாற்றிப் போட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் அவர்களைப் பாடாய்ப் படுத்தியது பல்சக்கரம். விசிறித் தண்டில் நிற்காமல் கழன்றுகொண்டே இருந்தது. கடைசியில் அதைப் பிடித்து நிறுத்தியது சைக்கிள் டயரை ரிம்மில் ஒட்டும் பசை! அந்தப் பசையை மெச்சி ஆர்வில் ரைட் கடிதமே எழுதியிருக்கிறார். கல்லூரிப் பட்டம் இல்லாத இருவருக்கு, அந்த நெருக்கடியில் கைகொடுத்தது கடையில் தினமும் புழங்கிய அறிவு.

அதே அறிவு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் விட்ட அண்ணாச்சியிடமும் இருந்தது. ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் கடைவாசலில் ஓவராயில் வேலை தொடங்கிவிடும். சக்கரங்களைக் கழற்றி வரிசையாகச் சாத்திவைப்பார். தகரத் தட்டில் மண்ணெண்ணெய், அதற்குள் பால்ரஸ் குண்டுகள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்தத் தட்டின் முன்னால் போய்க் குந்திக்கொள்வேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்துக்குப் பத்து சிறிய குண்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்பது பெரிய குண்டு. எண்ணிப் பிரிப்பது என் வேலை. ஒவ்வொரு குண்டையும் அவர் உள்ளங்கையில் உருட்டி வெளிச்சத்தில் பார்ப்பார். அம்மை விழுந்ததுபோல் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டுகள் மொத்தமும் குப்பைக்குப் போகும். பிறகு கிண்ணத்தில் கிரீஸைத் தடவி, விரல் நுனியில் ஒட்டியெடுத்து, ஒவ்வொன்றாகப் பதிப்பார். அந்தத் தடித்த விரல்களில் அவ்வளவு பதவிசு.

குண்டுகளைப் பிடித்து நிறுத்தும் கோனை அச்சில் முறுக்கியதும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காத்திருப்போம். சுற்று மெல்லக் குறையும். வால்வு இருக்கும் இடம் கொஞ்சம் கனம் என்பதால் அது கீழே வரும், தாண்டிப்போகும், திரும்பி வரும்.

"வால்வு கீழ வந்து ஒரு ஆட்டம் ஆடணும்லே. ஆடாம நின்னுட்டுன்னா கோன் இறுக்கம். அச்சைப் பிடிச்சு அசைச்சா லொடலொடன்னா லூசு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கு பாரு, அதுதாம்லே வேலை" என்பார்.

பெரும் விலை போட்ட ரோடு பைக்குகளின் முன்சக்கரத்தையும் இப்படித் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சியின் சோதனைக்கு ஈடாக இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. செயின் விஷயத்திலும் அவர் பாடம்தான் எனக்கு. மண்ணெண்ணெய் முழுக்க உலர வேண்டும். உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய், பெடலைப் பின்னோக்கிச் சுற்றி உள்ளே இறங்கவிட வேண்டும், கொஞ்ச நேரம் கழித்துப் பனியன் வேஸ்ட்டால் வெளிப்பக்கத்தை வறட்டத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது மூட்டுக்குள்ளேதான். வெளியே நிற்பது தூசியைத்தான் பிடிக்கும். ரிம்மிலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக் கூடாது, பிரேக் பிடிக்காது.

பழைய ரோடு பைக் வாங்கப் போகிறவர்கள் பையில் ஓர் அடி இரும்பு ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். செயினின் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். தேயாத செயின் என்றால் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு அச்சாக நிற்கும். வீசம் அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்றவேண்டியிருக்கும். அரைக்கால் அங்குலம் தள்ளி நின்றால் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களும் போயிருக்கும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.